மூன்று பெல்

"இன்னாம்மா படம் இது? உன்ன மாதிரியே பெங்களூர்ல மூணு பொண்ணுங்க. ஒருத்திக்கும் கல்யாணம் ஆவல!"

இடைவேளையில் எழுந்தேவிட்டார் சின்னப்பா. பெங்களூரில் ஏதோ கம்பெனி வேலை என்று சொல்லியிருந்த மகள் தென்றல்தான் ஊருக்கு வந்த கையோடு அவரைத் தியேட்டருக்கு இழுத்து வந்திருந்தாள், அதுவும் படம் போட்டுப் பத்து நிமிஷம் கழித்து.

"கொஞ்சம் உக்காருங்கப்பா."

இடைவேளைக்குப் பிறகு கதாநாயகியும் அவளுக்குப் பிடிக்காத எதிர்வீட்டுக்காரனும் லிஃப்டில் மாட்டிக்கொண்டார்கள். தியேட்டரே சிரித்தது. அவள் இரும்புக் கதவில் மூன்று முறை தட்டினாள். கொஞ்சம் நிறுத்தி, இன்னொரு முறை.

சின்னப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். தங்கச் சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜுக்கு முப்பது வருஷம் மணியடித்தவர் அவர்.

"ஏம்மா, இது நம்ம கேஜ் பெல்லாச்சே! மூணு அடிச்சா உள்ள ஆளுங்க இருக்காங்க. அப்புறம் ஒண்ணு அடிச்சா, மேல தூக்கு. மைன்ஸ்காரனுக்குத்தான் இது தெரியும். எவன் எழுதினான் இத?"



படம் முடிந்து பெயர்கள் ஓடின.

'எழுத்து, இயக்கம்: தென்றல் சின்னப்பா.'

கூட்டம் கலைந்த பிறகும் அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகளின் நாற்காலிக் கைப்பிடியில் விரலால் ஒரே ஒரு முறை தட்டினார்.