மச்சம் தொடாத நீதிபதி

"கோதாரியிலை போற தீர்ப்பு!"

ஓட்டோவில் ஏறிய ஏரம்பர் சால்வையை உதறித் தோளில் போட்டார். கோட்டு வாசலில் நின்ற அவருடைய லோயர் பல்லெல்லாம் தெரியக் கையசைத்தார். ஏரம்பர் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஓட்டோக்காரன் சிமியோனுக்குக் கோட்டு வாசல்தான் தொழில். வென்றவன் முகமும் தோற்றவன் முகமும் அவனுக்குத் தண்ணிபட்ட பாடு. இவர் தோற்றவர், அதில் அவனுக்குச் சந்தேகமேயில்லை.

"என்னய்யா, காணி வழக்கோ?"

"வேள்வி வழக்கு. வைரவர் கோயிலிலை கிடாய் வெட்டக் கூடாதெண்டு எங்கடை பிரதேச சபை சட்டம் போட்டதெல்லே? அது செல்லாதாம். அப்பிடிச் சட்டம் போடச் சபைக்கு அதிகாரமில்லையாம். தூக்கி எறிஞ்சுபோட்டார் நீதிபதி."

"ஆருக்குத் தெரியும், அவருக்கும் ஒரு பங்கு இறைச்சி போகுமோ என்னவோ!"

"விசர்க் கதை கதையாதை! மச்சம் எண்டால் முட்டை கூடத் தொடாத மனுசன். கந்தசட்டி விரதம் பிடிக்கிறவர். அவர் என்ன சொல்லுறார் தெரியுமோ? 'என்ரை கொள்கை என்ரை வீட்டோடை, இஞ்சை சட்டத்தைத்தான் பாப்பன்' எண்டுறார். விரதக்காரர் கதைக்கிற கதையே உது?"

"காசு கீசு..."

"ஒரு சதமும் வாங்கார். அதுதானே கரைச்சல்!"

சிமியோனுக்குப் பாவமாய்ப் போய்விட்டது. "உங்களுக்கு உயிர்களிலை நல்ல இரக்கம், ஐயா."

"எல்லா உயிரிலையும் எண்டு பொய் சொல்ல மாட்டன். வீட்டிலை ஒண்டு நிக்குது, ராசன். மகள் காய்ச்சலிலை கிடக்கேக்கை மனுசி வைரவருக்கு நேர்ந்துவிட்ட குட்டி. இப்ப நான் குழை வைச்சால்தான் தின்னும். வாற வேள்வியிலை முதல் வெட்டு அதுக்குத்தான்."

"குடுக்காமல் விடுங்கோவன்."

"நேர்ந்ததை இல்லையெண்டு வைரவரிட்டை என்ன வாயாலை சொல்லுறது? சட்டம் மறிச்சால் அவரும் குறை நினையார், ஊரும் வாய் திறவாது."

"அதுதான் சபை சட்டம் போட்டதே?"

"ஆர் மதிச்சவை? தண்டத்தைக் கட்டிப்போட்டு வெட்டுவம் எண்டு நிண்டவை. கோடும் கூடாதெண்டு சொன்னால்தான் அடங்குவினம்."

"அப்ப விடாதேங்கோ. அப்பீல் பண்ணுங்கோ."

"எனக்கு அதுக்கு வழியில்லைத் தம்பி." ஏரம்பர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

ஓட்டோ ஊர் ஒழுங்கைக்குள் திரும்பியதும் சீனவெடி படபடவென்று வெடித்தது. கோயிலடியில் ஊரே திரண்டு நின்றது. சிமியோன் பிரேக்கை அமத்தினான்.

"வெண்ட பகுதி கொண்டாடுது போலை. உங்களைக் கண்டால் நக்கலடிப்பினம். மற்ற ஒழுங்கையாலை விடட்டோ?"

"எதாலை விட்டாலும் விடமாட்டினம்."

அதற்குள் சனம் ஓட்டோவைச் சூழ்ந்துவிட்டது. முன்னுக்கு வந்த ஊர் இளைஞன் கஜானன் ஏரம்பரின் கழுத்தில் பெரிய மாலையைப் போட்டு, சனத்தைப் பார்த்துக் கத்தினான்.

"வழக்குப் போட்டு எங்கடை வேள்வியை மீட்டுத் தந்த தலைவர் ஏரம்பர் வாழ்க!"

கைதட்டல் காதைப் பிளந்தது. சிமியோன் வாயை மூட மறந்து பின்னால் திரும்பினான்.

"ஐயா... சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டதே நீங்களோ?"

ஏரம்பர் சனத்துக்குக் கும்பிடு போட்டபடி குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு அவன் காதுக்குள் சொன்னார்:

"ஓம். தோக்கிறதுக்கெண்டுதானே தம்பி, உந்த மனுசனிட்டைப் போனனான்!"