பத்தாம் நம்பர் செருப்பு

வாசலில் ஆம்பிளைச் செருப்பு கிடந்தது.

பூதக்கண்ணாடிக்கு மூக்கில் வேர்த்துவிட்டது.

ஆபீஸ் அவளுக்கு வைத்த பேர் அது. கல்லூரி உதவித்தொகைப் பிரிவில் பதினெட்டு வருஷமாக வீடு வீடாகப் போய் விண்ணப்பங்களைச் சரிபார்ப்பவள். போன வருஷம் ஒரு வீட்டில், ஓடிப்போய்விட்டதாக எழுதிக்கொடுத்திருந்த அப்பாவைக் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே இழுத்தாள். பாவம், அந்த மனுஷனுக்கு அந்த நேரம் பார்த்துத் தும்மல் வந்துவிட்டது.

இந்த வீட்டுப் பெண் மருந்தாளுநர் படிப்பில் இரண்டாம் வருஷம். அவள் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போதே அப்பா விட்டுவிட்டுப் போனதாக விண்ணப்பத்தில் இருக்கிறது. தாய் தனியாக வளர்க்கும் பிள்ளைகளுக்கான தொகையில்தான் படிக்கிறாள்.

ஏழாவது விதிக்கு ஈவிரக்கம் கிடையாது. வீட்டில் சம்பாதிக்கும் ஆண் இருப்பது தெரிந்தால் தொகை நிற்கும். வாங்கியதையும் திருப்பிக் கட்ட வேண்டும். படிப்பு அதோடு சரி.

கைப்பையில் மொட்டைக் கடுதாசி இருந்தது. நீல மையில் ஒரே வரி. 'அந்த வீட்டு வாசலில் ஆண் செறுப்பு கிடக்கிறது, ஆள் இருக்கிறானா இல்லையா என்று விசாரித்துச் சொல்லவும்.'

செருப்புக்கு வல்லின றகரம் போட்ட அழகைப் பார்த்துக் காலையில் ஆபீஸே சிரித்தது. 'சொல்லவும்' என்றால் யாருக்குச் சொல்வது? பேரே போடவில்லையே.

கதவைத் தட்டினாள்.

உள்ளே ஒரு தாழ்ப்பாள் விலகியது. பிறகு இன்னொன்று. பிறகு மூன்றாவது. ஒளிந்துகொள்ள ஆளுக்கு அவகாசம் கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

திறந்தது தாய். சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள், இன்று வார விடுமுறை. பின்னால் மகள், கையில் புத்தகத்தோடு.

ஒரே அறை, ஒட்டினாற்போல் சமையலறை. கொடியில் பெரிய கட்டம்போட்ட சட்டை ஒன்று தொங்கியது. அதுவும் தெருவைப் பார்த்த ஜன்னல் பக்கமாக.

பூதக்கண்ணாடி கட்டிலுக்கு அடியில் குனிந்தாள். ஒரு பெட்டி, இரண்டு கட்டுப் புத்தகம். குளியலறையில் இரண்டே இரண்டு பல் பிரஷ். மூன்றாவதை ஒளித்துவிட்டார்கள், கெட்டிக்காரிகள்.

"சட்டை யாரோடதும்மா?"

"கடையில குடுத்துட்டு யாரும் வாங்க வரல மேடம்."

"அப்ப செருப்பு?"

தாய் மகளைப் பார்த்தாள். மகள் தரையைப் பார்த்தாள். பதினெட்டு வருஷத்தில் பூதக்கண்ணாடி இந்தப் பார்வையை எத்தனை வீட்டில் பார்த்திருப்பாள்! பேனாவைத் திறந்துகொண்டே வாசலுக்குப் போனாள்.

செருப்பைக் கையில் எடுத்தாள். பத்தாம் நம்பர். அடியில் மண், வாரில் அழுக்கு. போட்டு நடந்த செருப்புதான், சந்தேகமே இல்லை.

திருப்பி, கால் படும் பக்கத்தைப் பார்த்தாள்.

குதிகாலின் தடம் பின்விளிம்பைத் தொடாமல் முன்னால் தள்ளி இருந்தது. அதற்குப் பின்னால் மூன்று விரல்கடை அளவுக்குக் கால் பட்ட சுவடே இல்லை. கடையில் ஒட்டிய விலைச்சீட்டின் பசைகூட அங்கே அப்படியே இருந்தது.

அவள் நிமிர்ந்து தாயின் பாதங்களைப் பார்த்தாள். ஐந்தாம் நம்பர் இருக்கும்.

"நான்தான் மேடம்," என்றாள் தாய். "வாராவாரம் மொட்டை மாடியில ஆள் இல்லாத நேரமா பாத்து போட்டுக்கிட்டு நடப்பேன். புதுசாவே கிடந்தா யாரு நம்புவாங்க? நான் வேலை முடிஞ்சு வர ஏழாயிடும். அதுவரைக்கும் இவ ஒத்தையில இருக்கா."

தெருவை நம்பவைக்கச் செய்த காரியம், ஆபீஸும் நம்பிவிட்டால் பெண்ணின் படிப்பையே கொண்டுபோய்விடும். இரண்டுக்கும் நடுவில் இந்த ஒரு ஜோடிச் செருப்பு.

படிவத்தில் எழுதினாள்: 'ஆண் எவரும் இல்லை. தொகை தொடரலாம்.' கையெழுத்துப் போட்டாள். செருப்பை வைக்கும்போது கொஞ்சம் கோணலாக வைத்தாள், அவசரமாக உள்ளே போனவன் கழற்றிவிட்ட மாதிரி.

முதுகுக்குப் பின்னால் மூன்று தாழ்ப்பாளும் விழுந்தன.

ஒரு மாடி இறங்கியிருப்பாள். சரியாக அந்த வீட்டுக்குக் கீழ்வீடு. கதவில் ஒரு அட்டை தொங்கியது, நீல மையில்: 'செறுப்புச் சத்தம் கேட்காமல் படி ஏறவும்.'

கால் நின்றுவிட்டது.

கதவு ஒரு சாண் திறந்திருந்தது. இடுக்கில் பனியன் போட்ட ஐம்பது வயசு ஆசாமி. காத்துக்கொண்டே நின்றிருப்பான் போல. சிரித்தான்.

"என்ன மேடம், விசாரிச்சீங்களா? மேல ஆம்பிளை யாராச்சும் இருக்கானா, இல்லையா?"

விதியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தொகையைப் பற்றியும் கேட்கவில்லை. அந்த ஒன்றைத்தான் கேட்டான்.

பூதக்கண்ணாடி படிவத்தை மடித்துப் பைக்குள் ஆழமாகச் செருகினாள். இன்னொரு கடுதாசி போட்டாலும் அது அவள் மேசைக்குத்தான் வந்தாக வேண்டும்.

"இருக்காரு," என்றாள், மாடிவரை கேட்கும்படி. "ஆறடி இருப்பாரு. கடுதாசி போட்டது யாருன்னு என்னைத் துளைச்சு எடுத்துட்டாரு."

கதவு மூடியது. உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்கும்வரை அவள் அங்கேயே நின்றாள்.