அக்காவின் எறும்பு

அத்தான் சொன்ன கதையைக் கண்ணாடிக்கடைக்காரர் பத்தொன்பது வருஷமாக முழுசாக நம்பியதில்லை. ஆனாலும் கடைக்கு ஃபிரேம் மாற்ற வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். நம்பாத கதையை எதற்குச் சொல்கிறோம் என்று ஷட்டரை இறக்கும்போது தோன்றும். அக்காவின் முகம் நினைவுக்கு வரும். மறுநாளும் சொல்வார்.

கதை இதுதான். அத்தான் எறும்பு ஆராய்ச்சியாளர். மூன்று வருஷம் பாலைவனத்தில் கிடந்தார். அக்கா இரண்டு பிள்ளைகளோடு இங்கே தனியாகக் கிடந்தாள்.

உச்சி வெயிலில், மற்ற பூச்சியெல்லாம் மண்ணுக்குள் பதுங்கும் நேரத்தில், வம்புக்கென்றே வெளியே வருகிற ஒரு எறும்பை அத்தான் பார்த்தார். பக்கத்துப் புற்றுக்காரர்களை வழிமறித்துக் கழுத்தைக் கத்தரித்துப் போடுமாம். அந்த மாதிரி உடம்புள்ள எறும்புக்குத் தாடையில் நான்கு பல்தான் இருக்க வேண்டும். இதற்கு ஐந்து. புது இனம் என்று எழுதி, அக்காவின் பெயரை வைத்தார்.

சண்டைக்கார எறும்புக்குப் பொருத்தமான பெயர்தான் என்று சொந்தக்காரர்கள் கிண்டலடித்தார்கள். அக்காவுக்கு அதிலும் பெருமை. அச்சான பக்கத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாள்.

இரண்டே வருஷம். அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவுத் தலைவி ஒரு பக்கக் குறிப்பு எழுதினாள். இது புது எறும்பில்லை, ஏற்கெனவே தெரிந்த பழைய எறும்புதான், வைத்த பெயர் செல்லாது.

பொறாமை என்றார் அத்தான். சொந்தமாக ஒரு கொசுவுக்குக்கூடப் பெயர் வைக்கத் துப்பில்லாத கட்டெறும்பு, அடுத்தவன் வைத்ததை அழிக்கிறாள் என்றார். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவளுக்குக் கட்டெறும்பு என்றே பெயர். அக்கா சட்டத்தைக் கழற்றி அலமாரி மேல் போட்டாள்.

போன வாரம் பேப்பரில் செய்தி வந்தது. அருங்காட்சியகத்தில் பாலைவனக் கூடம் திறக்கிறார்கள். அந்த எறும்பும் காட்சிக்கு வருகிறது, அக்காவின் பெயரில் அல்ல, பழைய பெயரோடு.

அக்கா அதைப் படித்துப் பார்த்தாள். "பழைய பேருக்குப் பக்கத்துல அடைப்புக்குள்ளயாவது என் பேரைப் போடுவாங்களாடா?" என்று மட்டும் கேட்டாள்.

கண்ணாடிக்கடைக்காரருக்கு அது போதும். மறுநாள் கடையைப் பூட்டி, அக்காவிடம் போனில் சொல்லிவிட்டு நேராக அருங்காட்சியகத்துக்குப் போனார்.

பூச்சிப் பிரிவுத் தலைவியின் அறையில் தலை நரைத்த ஓர் அம்மாள், ஊசி குத்திய பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். இவர் நின்றபடியே பிடிபிடியென்று பிடித்தார். ஒரு பெண்ணுக்குக் கிடைத்த ஒரே மரியாதையைப் பிடுங்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது என்று கேட்டார். பத்திரிகைக்கு எழுதுவேன் என்றார். அந்த அம்மாள் கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தார்.

"விட்டுடுங்களேன். பழைய விஷயம்."

"உங்களுக்குப் பழசு. எனக்கு அந்த எறும்பைக் காட்டுங்க."

அந்த அம்மாள் வாசல் பக்கம் ஒரு முறை பார்த்தார். பிறகு எழுந்து, உள் அலமாரியிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து வந்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தார்.

லென்ஸைத் திருப்பக் கண்ணாடிக்கடைக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐந்து பல் தெரிந்தது. கொஞ்சம் நகர்த்தினார். கழுத்தில் தேன் நிறத்தில் ஒரு துளி, காய்ந்து கெட்டியாக.

"ஒட்டியிருக்கு."

"காய்ஞ்ச எறும்புக்குத் தலை கழண்டுக்கும். ஒட்டுறது எங்களுக்கு வழக்கம்தான்."

"அப்புறம் என்ன?"

"அதோட தலையை ஒட்டணும்."

இரண்டு வகை எறும்புகள் சண்டை போட்ட இடத்தில் அத்தான் எல்லாவற்றையும் ஒரே புட்டியில் வாரிப் போட்டிருக்கிறார். தலைகள் தனி, உடம்புகள் தனி. பிறகு மேஜையில் வைத்து அளவு பார்த்து ஒட்டியிருக்கிறார். தலை ஒரு வகை, உடம்பு இன்னொரு வகை. இரண்டுமே எல்லோருக்கும் தெரிந்த எறும்புகள். அந்த அம்மாள் இதை ஒரு நோயாளியைப் பற்றிப் பேசுவது போல மெதுவாகச் சொன்னார்.

"இதை ஏன் நீங்க குறிப்புல எழுதலை?"

"எழுதியிருந்தா அவருக்கு ஒட்டுவேலைக்காரர்னு பேர் ஆயிருக்கும். அவர் ஒழுங்கா சேகரிச்ச மத்த நாற்பது எறும்பையும் யாரும் சீந்தியிருக்க மாட்டாங்க. அதெல்லாம் நல்ல வேலைங்க. அதனால உடம்பை மட்டும் வெச்சு எழுதினேன். அது பழைய எறும்போட உடம்பு. அதுல பொய் இல்லை."

அடைப்புக்குள் பெயர் போடத் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றும் சொன்னார். போட்டால், அது ஏன் தள்ளுபடி ஆனது என்று யாராவது பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள். அதுதான் பயம்.

கண்ணாடிக்கடைக்காரர் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அத்தானுக்கு இது தெரியுமா?"

அந்த அம்மாள் பெட்டியை மூடினார்.

"அச்சுக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடியே அவருக்கு எழுதினேன். நீங்க உட்கார்ந்திருக்கிற நாற்காலியிலதான் வந்து உட்கார்ந்தார். வெளியில தெரிஞ்சா நான் செத்தேன் மேடம், வேற என்ன காரணம் வேணா சொல்லிப் பேரை எடுத்துடுங்கன்னார்."

அக்கா வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவருக்கு நாக்கு கசந்தது. எத்தனை பேரிடம் கட்டெறும்பு என்று சொல்லியிருப்பார்? ஒரு தடவையாவது வாயை மூடியிருக்கலாமே? சந்தேகம் இருந்ததே தவிர, கேட்கிற நேர்மை இருந்ததா?

அத்தான் சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "என்ன மச்சான், கட்டெறும்பு கடிச்சு வெச்சுதா? அவ புத்தி எனக்குத் தெரியாதா" என்று ஆரம்பித்தார். அதே பாலைவனம், அதே வெயில், அதே பொறாமை. அக்கா தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயிலில் வந்தவனுக்கு முதலில் தண்ணீர் கொடுப்போம் என்று உள்ளே போனாள்.

கண்ணாடிக்கடைக்காரர் நாற்காலியை அத்தான் பக்கம் இழுத்துப் போட்டு, அவள் காதில் விழாதபடி கேட்டார்.

"அத்தான், எங்க அக்கா பேரை வெச்சீங்களே, தலைக்கா உடம்புக்கா?"