ஏழாம் நம்பர் பாறை

எங்கள் வேட்டைக் குழுவில் ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. சுட்டவர் உடனே வாக்கிடாக்கியில் சொல்லிவிட வேண்டும். அடிபட்ட மூஸ் மான் தப்பிவிட்டால், வேட்டையை நிறுத்திவிட்டு எல்லோருமாகத் தேடிப் போவோம்.

போன அக்டோபரில், காத்திருக்க எனக்கு ஒதுக்கிய ஏழாம் நம்பர் பாறையிலிருந்து நான் சுட்டேன். பெண்மான் ஒன்று பின்காலை இழுத்துக்கொண்டு சதுப்புக்குள் போனது. புது மேக்னம் துப்பாக்கியைப் பற்றி ஒரு வாரமாகப் பீற்றிக்கொண்டிருந்தேன். சைலன்சர் மாட்டியிருந்தது, காற்றும் பலமாக அடித்தது. யாருக்கும் கேட்கவில்லை. தோட்டாக் கூட்டைப் பையில் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன்.

இந்த வருடமும் அதே பாறை. துப்பாக்கியில் இன்னும் தோட்டா போடவில்லை. வாக்கிடாக்கியில் குழுத்தலைவர் உர்ப்போ கேட்டார்:

"ஆர்மாஸ், சுட்டியா?"

"இல்லண்ணே."

"புளுகாதப்பா," என்றாள் மூன்றாம் நம்பரில் இருந்த சினிக்கா. "எனக்குக் காதே அடைச்சுப்போச்சு. சைலன்சரைக் கழட்டிட்டியா என்ன?"

எனக்கு எந்தச் சத்தமும் கேட்டிருக்கவில்லை. சைலன்சரைத் தொட்டுப் பார்த்தேன். விரலைச் சுட்டது.

உர்ப்போ நாயோடு வந்தார். நாய் நேராகச் சதுப்பின் ஓரத்துக்குப் போய் நின்றது. பாசியில் ரத்தம், ஈரமாக.

"பின்காலை இழுத்துட்டுப் போயிருக்கு, பாவம்," என்று குனிந்து பார்த்தார். "எப்பச் சுட்டே?"

போன அக்டோபரில் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"இப்பத்தான்," என்றேன்.

"இப்பவாவது சொன்னியே," என்று என் தோளைத் தட்டினார்.