முருகேஸ்வரியின் டோக்கன்

ஏழாயிரம்பண்ணை பட்டாசுக் கம்பெனி வாசலில் ஒரு வங்கியின் இலவச நுரையீரல் பரிசோதனை முகாம். பேக்கிங் வேலை செய்யும் முருகேஸ்வரிக்கு மூன்று மாதமாக இருமல். கூட வேலை செய்யும் அழகுமீனாவை ஓரமாக இழுத்துப்போய், தன் டோக்கனை அவள் கையில் திணித்தாள்.

"அழகு, எனக்கும் சேத்து நீயே ஊதிருடி. நெஞ்சுல கோளாறுன்னு எழுதிட்டா, சீசன் நேரத்துல வேலைய விட்டு நிப்பாட்டிருவாக."

"மாட்டிக்கிட்டா யக்கா?"

"அந்த நர்சம்மாவுக்கு நம்ம மூஞ்சி எல்லாம் ஒண்ணுதான்டி."

அழகுமீனா தன் டோக்கனோடு ஒரு முறை, முருகேஸ்வரியின் டோக்கனோடு ஒரு முறை என இரண்டு முறை வரிசையில் நின்றாள். இரண்டு முறையும் பரிசோதனைக் குழாயில் மூச்சைப் பிடித்து ஊதினாள்.

முருகேஸ்வரியின் சீட்டில் 'நலம்' என்று முத்திரை விழுந்தது. இருமலை முந்தானையில் அமுக்கிக்கொண்டு சிரித்தாள்.

வங்கி மேலாளர் மைக்கைப் பிடித்தார்.

"நுரையீரல் பாதிச்ச பதினோரு பேருக்கும் மதுரையில சிகிச்சை. முழுச் செலவும் எங்க பேங்க்கோடது. குணமாகுற வரைக்கும் சம்பளமும் நாங்களே தருவோம்."

முருகேஸ்வரி மேடைப் பக்கம் பாய்ந்தாள். அழகுமீனா அவள் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"சொல்லிராத யக்கா, என் வேலையும் போயிரும்!"

அதற்குள் போர்மேன் இசக்கிப்பாண்டி சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டார்.

"அடேயப்பா, நெஞ்சு இம்புட்டு ஸ்ட்ராங்கா உனக்கு! அந்தப் பதினோரு பேரும் மதுரைக்குப் போறதால வெடிமருந்து அடைக்கிற ரூமுல ஆளு குறையுது. அந்தத் தூசிய உன்னய மாதிரி ஆளுதான் தாங்கும். நாளையிலருந்து அங்கன போய் உக்காரு."