குழந்தைகள் சார்பில்

"ரிப்பனை அவுக்காத. போட்டோ இன்னும் முடியல" என்று அதட்டினாள் குழந்தைகள் நலத்துறை அதிகாரியம்மா.

இரட்டைப் பின்னலும் புத்தம்புதுச் சீருடையுமாக மேடையோரம் நின்ற சிறுமி, பின்னலிலிருந்து கையை எடுத்தாள். குழந்தைகளைக் காப்பாற்றுவோம் என்று உலக நாடுகள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்துக்கு அன்று ஆண்டு விழா. பள்ளிக்குப் போகிறோம், விளையாடுகிறோம், நிம்மதியாகத் தூங்குகிறோம் என்று நாட்டுப் பிள்ளைகள் எல்லார் சார்பிலும் அவள்தான் ஒரு சொல் பிசகாமல் பேசி முடித்திருந்தாள். இப்போது பிரமுகர்கள் ஒவ்வொருவராக அவள் தலையில் கைவைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"மேடம், வீட்ல பாப்பாவுக்குக் காய்ச்சல். அனலாக் கொதிக்குது. நான் போகணும்."

"இதோ, அஞ்சு நிமிஷம்."

காலையிலிருந்து இதே ஐந்து நிமிஷம்தான். அதிகாரியம்மாவைச் சொல்லியும் குற்றமில்லை. இந்த விழாவுக்கு ஒரு பிள்ளையைப் பிடிப்பதற்குள் அவள் பாடு பெரும்பாடாகிவிட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த ஒருத்தி, மைக்கைப் பார்த்ததும் ஓவென்று அழுதாள். இன்னொருவன், பேச்சில் வருகிற விளையாட்டு மைதானம் எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தொலைத்தான்.

கடைசியில், மண்டபத்துக்குப் பின்தெருவில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த இவள் கிடைத்தாள். வயது பதினைந்து. எழுதப் படிக்கத் தெரியும், எதிர்க்கேள்வி கேட்கத் தெரியாது. வேறென்ன வேண்டும்? சீருடையை மாட்டிவிட்டார்கள்.

"லேட்டானா அவரு சத்தம் போடுவாரு மேடம்."

அப்பாவிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொல்லி, அதிகாரியம்மா அவளைக் கேமரா பக்கம் திருப்பி நிறுத்தினாள்.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் உலகக் குழுவின் தலைவி. எந்த நாடு ஒப்பந்தப்படி நடக்கிறது, எது நடக்கவில்லை என்று பார்த்து மார்க் போடுகிறவர். சிறுமியின் கண் கலங்கியிருப்பதைக் கண்டு என்னவென்று விசாரித்தார். அவள் பாப்பாவின் காய்ச்சலைச் சொன்னாள். பாப்பாவுக்கு இன்னும் தவழக்கூட வரவில்லை என்றும், பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருப்பதாகவும் சொன்னாள்.

தலைவிக்கு ரத்தம் கொதித்தது. ஓடி விளையாட வேண்டிய பிள்ளையின் தலையில் ஒரு கைக்குழந்தையைக் கட்டிவிட்டு எங்கேயோ திரிகிறாளே, அவளெல்லாம் ஒரு தாயா என்று பொரிந்து தள்ளினார். ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவுப்படி அது தப்பு என்பதையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தார்.

எங்கே மார்க் போய்விடுமோ என்று அதிகாரியம்மா பயந்தாள். அங்கேயே போனை எடுத்துப் போலீஸைக் கூப்பிட்டாள். பிள்ளைகள் விஷயத்தில் இந்த அரசு யாருக்கும் தயவுதாட்சண்யம் பார்க்காது என்று, தலைவிக்குக் கேட்கும்படி சற்று உரக்கவே பேசினாள்.

"பயப்படாத கண்ணு" என்று சிறுமியின் தோளில் கைபோட்டார் தலைவி. "உனக்கு நாங்க இருக்கோம். பாப்பாவைப் பெத்தவ எங்க இருக்கான்னு மட்டும் சொல்லு. மத்ததைப் போலீஸ் பார்த்துக்கும்."

சிறுமி அதிகாரியம்மாவைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள்.

"பெத்தவ நான்தான் மேடம். பாப்பாவுக்குப் பால் குடுத்துட்டு வந்துடட்டுமா?"