செம்புக்குள் விழுந்த கோடு

ஒரே செம்புப் பாளத்தில் பிறந்த அக்காவும் தங்கையும் மெல்லிய தகடுகளாகி, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் எடுத்துக்கொண்டார்கள். உலையில் காய்ந்து பதமாக ஆறிய தங்கையின் படம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. சுத்தியலடி வாங்கிய அக்காவின் படத்திலோ, சிக்கு விழுந்த தலைமுடிபோல் கறுப்புக் கோடுகள், அடியில் அணு வரிசை பிசகிய தடங்கள்.

"உள்ளுக்குள்ளே இவ்வளவு கோணலா! யாருக்கும் காட்டிடாதேக்கா," என்று சிரித்தாள் தங்கை.

"அடி வாங்கின உடம்புடி. யார் வேணா பார்க்கட்டும்," என்றாள் அக்கா.

ஆய்வாளர் இடுக்கியால் தூக்கியபோது அக்கா விறைத்து நின்றாள். தங்கையோ, அனலில் வாட்டிய வாழையிலையாய்த் தொட்டதுமே மடங்கிப்போனாள். ஆய்வாளர் அவளை நீவி நிமிர்த்தினார். மடங்கிய இடம் மட்டும் இப்போது சற்றே விறைப்பாயிருந்தது. மறுபடி படம் எடுத்தார்.

தங்கை கூவினாள்: "அக்கா, அக்கா, இங்கே பாரேன்! எனக்கும் கோடு விழுந்திருக்கு!"